அக்காவுக்கு விட்ட இடம்

நாஷ்வில்

அன்புள்ள அம்மா,

நான் நலம். உன் மூட்டுவலி இப்போது பரவாயில்லையா?

என் கன்ட்ரி பாட்டு ஆல்பத்தைப் பத்திரிகைகள் பாராட்டியிருக்கின்றன. ஒருவர் மட்டும், 'குரல் எங்கோ தள்ளி ஒலிக்கிறது, பக்கத்தில் யாரோ இல்லாதது போல' என்று குறை எழுதியிருக்கிறார். ஒலிப்பதிவு செய்த லைல் அதைப் படித்துக் காட்டிச் சிரித்தான்.

"மைக்குக்கு நேரா நில்லுன்னு தொண்டை கிழியக் கத்தினேனே, கேட்டியா?"

நானும் சிரித்து வைத்தேன். சர்ச்சில் டெல்மா அக்காவோடு ஒரே மைக்கில் பாடிப் பழகிய கால் இது, அம்மா. அவள் இறந்த பிறகும் தானாக ஒதுங்கி நிற்கிறது.

இங்கே குளிர். அவளுடைய நீல ஸ்வெட்டரை அனுப்பி வை. கச்சேரிக்குப் போகும் வேன் ஹாரன் அடிக்கிறது, கிளம்புகிறேன். நான் அனுப்பிய இசைத்தட்டு வந்ததும் வீட்டில் போடு. அவள் பாட வேண்டியதை நீ கூடவே பாடிவிடு.

ரோவீனா