பின் கதவுச் சாவி

2006 ஜூலை 3

இன்றைக்கும் அதே கூத்து. ஜெர்மனியிலிருந்து பனியன் வாங்கும் பையர் வருகிறானாம். நான் மெடலைக் குத்திக்கொண்டு கேட்டில் நிற்க வேண்டுமாம். "ஒரு அஞ்சு நிமிசமுங்க மாமா" என்கிறான் செல்வக்குமார். மகளைக் கட்டியவன், கம்பெனி முதலாளி வேறு. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். "கர்னல், வார் ஹீரோ, எங்க அட்மின் மேனேஜர்" என்று அறிமுகம்.

எழுபத்தொன்றில், இருபத்தொரு வயதில், குண்டு விழுந்துகொண்டிருந்த வயலுக்குள் திரும்பிப் போய் நான்கு ஜவான்களை இழுத்து வந்ததற்குக் கொடுத்த மெடல். பனியன் விற்கவா கொடுத்தார்கள்?

ஆனால் நின்றேனே. ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார முடியாமல் இந்த வேலையைக் கேட்டு வாங்கியதும் நான்தான்.

ஜூலை 11

ஒழுங்கு என்றால் கிலோ என்ன விலை என்று கேட்பார்கள் இந்த அருள்புரத்தில். நான் வரும்வரை பின் கதவு வழியாக பண்டல் பண்டலாகத் தைத்த பீஸ் திருட்டுப் போய்க்கொண்டிருந்தது. நிறுத்தினேன். கன்டோன்மென்ட் மாதிரி ஒரே கேட். உள்ளே போகும் ஒவ்வொரு ஆளின் பெயரும் நேரமும் என் ரிஜிஸ்டரில். மாடியிலிருந்து பின்படிக்கட்டுக்குப் போகும் பின் கதவுக்குப் பூட்டு, சாவி என் சட்டைப் பையில். வாட்ச்மேன் ஆத்தப்பன் கையில்கூடத் தருவதில்லை. மூன்று மாதமாக ஒரு பீஸ் குறையவில்லை.

இன்று செக்கிங் செக்‌ஷன் விஜயராணி வழிமறிக்கிறாள். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். "மாடில புழுங்குது சார். பின் கதவைத் தொறந்து போடுங்க. ஒண்ணு கெடக்க ஒண்ணுன்னா எங்கிட்டு எறங்கி ஓட?"

"போய் வேலையைப் பார்" என்று கத்தினேன். அவள் பயப்படவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

ஆகஸ்ட் 14

நாளைக்கும் வேலையாம். சுதந்திர தினத்தில்! நோட்டீஸ் போர்டில் 'விடுமுறை' என்று ஒட்டிவிட்டு முப்பத்தெட்டுப் பெண்களை வரச் சொல்லியிருக்கிறான். "கன்டெய்னர் பொறப்படோணுமுங்க மாமா." கொடிக்கு மரியாதை இல்லையா என்று சண்டை போட்டேன். சிரித்துக்கொண்டே போய்விட்டான். எனக்கு ஸ்கூலில் கொடியேற்றம். சீஃப் கெஸ்ட்.

ஆகஸ்ட் 15

யாரும் சாகவில்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

காலையில் முப்பத்தெட்டுப் பெயரையும் நானே ரிஜிஸ்டரில் எழுதிவிட்டு ஸ்கூலுக்குப் போனேன். வழக்கமான பேச்சு. தன் ஆட்களில் ஒருவனையாவது விட்டுவிட்டு வருகிறவன் சோல்ஜரே இல்லை. கைதட்டல். ஒரு சிறுமி எழுந்து "பயமா இருந்துச்சுங்களா தாத்தா?" என்று கேட்டாள். சோல்ஜருக்குப் பயம் கிடையாது கண்ணு என்றேன். போன் சைலன்ட்டில் கிடந்தது. ஆத்தப்பனிடமிருந்து ஏழு மிஸ்டு கால்.

முன்படிக்கட்டுக்குக் கீழே ஸ்விட்ச் போர்டு எரிந்து மாடி முழுக்கப் புகை. பின் கதவுக்கு ஓடியிருக்கிறார்கள். பூட்டு. சாவி என் பையில், மெடலுக்குக் கீழே. ஆத்தப்பன் கடப்பாரை தேடி எடுத்து உடைக்க இருபத்தைந்து நிமிஷம். மூச்சு முட்டியதில் விஜயராணி கையாலேயே ஜன்னல் கண்ணாடியை உடைத்திருக்கிறாள். வலது கையில் இரண்டு விரல் நரம்பு அறுந்துவிட்டது.

இருபத்தைந்து நிமிஷம். அப்போது நான் என்ன சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்? நாலாவது ஜவானைத் தூக்கிய இடமாக இருக்கும்.

ஆகஸ்ட் 16

சாப்பிடவில்லை. யார் மேல் கோபப்படுவது?

ஆகஸ்ட் 18

தெரிந்துவிட்டது, யார் மேல் என்று.

செல்வக்குமார் வந்தான். "லீவு நாளுங்க மாமா. உள்ளார ஒருத்தருமே இல்லீன்னு போலீசுக்கு எழுதிக் குடுத்துப்போடுங்க. மெடல் வாங்குனவரு எழுத்த எவன் கேக்கறான்? ரிஜிஸ்டர எங்கிட்டக் குடுத்துருங்க." அந்தப் பெண்ணுக்கு ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்வானாம். வீட்டில் அடிபட்டதாக அவள் சொல்ல வேண்டுமாம்.

ராஸ்கல்! எம் மெடல என்னன்னு நெனச்சான்? ரப்பர் ஸ்டாம்புன்னா?

ரிஜிஸ்டரைத் தரவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டினேன். மகள் சித்ரகலா வாசலில் நின்று அழுதாள். மனைவி சாரதாமணி இத்தனை வருஷத்தில் முதல்முறையாக என்னை எதிர்த்துப் பேசினாள். "நீங்க பார்டர்ல கெடந்தப்ப இந்தப் புள்ளைய நா ஒருத்தியா வளத்துனனுங்க. இப்ப வந்து அவ குடும்பத்தைக் கெடுக்கறீங்களா?" அவள் சொன்னதில் பாதி நியாயம்.

ஆகஸ்ட் 20

விஜயராணியைப் பார்க்கப் போனேன். லைன் வீட்டில் கடைசி ரூம். உட்காரச் சொல்லவில்லை. கையில் பெரிய கட்டு.

"வீட்டு ஜன்னல் கண்ணாடி குத்திருச்சுன்னு சொல்லச் சொல்றாக சார். பாருங்க. எங்க ரூம்ல ஜன்னலே இல்ல."

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. முப்பது வருஷம் உத்தரவு போட்ட வாய். அவளே கேட்டாள். "அன்னைக்கு நோட்டுல எம்பேரை எழுதுனீகள்ல? அது இருக்கா, கிழிச்சுட்டாகளா?"

இருக்கிறது என்றேன்.

ஆகஸ்ட் 23

ரிஜிஸ்டரைக் கொண்டுபோய் போலீஸ் இன்ஸ்பெக்டர் மேஜையில் வைத்தேன். ஸ்டேட்மென்ட் எழுதினார்கள். மரியாதையான மனுஷர். நான் தப்பிக்க வழிவிட்டே கேட்டார். "பூட்டச் சொன்னது ஓனருங்களா சார்?"

ஆமாம் என்றிருந்தால் முடிந்திருக்கும். நாக்கு நுனி வரை வந்தது. பயம். எழுபத்தொன்றிலும் இதே பயம்தான். அந்த வயலில் வாந்தி எடுத்தேன். எந்த மேடையிலும் அதைச் சொன்னதில்லை.

"பூட்டுப் போட்டதும் நான், சாவியை வைத்திருந்ததும் நான். லீவு நாளில் வேலை வைத்தது அவர்" என்றேன்.

செப்டம்பர் 9

செல்வக்குமார் மேலும் என் மேலும் கேஸ். வேலை போனது. சித்ரகலா போனை எடுப்பதில்லை. விஜயராணியையும் நிறுத்திவிட்டார்கள், திருட்டுப் பயல்கள்.

2007 ஜனவரி 26

ஸ்கூலிலிருந்து கூப்பிடவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

காலையில் பால் வாங்கப் போனபோது பஸ் ஸ்டாப்பில் விஜயராணி. வேறு கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். அந்த இரண்டு விரலும் மடங்குவதில்லை.

"இன்னைக்கு லீவு இல்லையா?"

"போர்டுல லீவுதான் சார்."

"அங்க பின் கதவு?"

"பூட்டுதான்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

பஸ் வந்தது. பால் தூக்குச்சட்டியோடு நானும் ஏறினேன்.

அந்தக் கம்பெனி கேட்டில் நிறுத்தினார்கள். "நீங்க யாருங்க?" என்றான் செக்யூரிட்டி. கர்னல் என்று சொல்ல வந்த வாயை மூடிக்கொண்டேன். "உங்க பின் கதவுச் சாவி யாருகிட்ட இருக்குதுங்க?" என்று கேட்டேன். மேனேஜர் வந்து திட்டினான். போலீசைக் கூப்பிடுவேன் என்றான். கூப்பிடுங்க, அவங்க முன்னாடியே திறக்கட்டும் என்றேன். பயமாகத்தான் இருந்தது. நகரவில்லை.

பால் திரிந்துவிட்டது. மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் சாவி வந்தது.