ஆறு வெள்ளிக்கிழமையாகச் சத்தம் வராத கம்ப்யூட்டர்

மஸ்கட்

அன்புள்ள ஜெயபாரதி,

இங்கே நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா? குறுவை நடவு முடிந்ததா?

"லினக்ஸ் கம்ப்யூட்டர்ல சத்தம் வந்துடுச்சுங்க! பக்கத்துத் தெரு தமிழரசன் சார் ரெண்டே நிமிஷத்துல சரிபண்ணிட்டாரு" என்று நேற்று போனில் எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய்! போனில் கேட்க வெட்கமாக இருந்தது, அதனால் எழுதுகிறேன். என் நாற்காலியிலா உட்கார்ந்தார்? காபி என் டம்ளரிலா? நம் கல்யாணத் தேதிதானே பாஸ்வேர்டு, அதையும் சொன்னாயா?

சத்தம் மானிட்டருக்குப் போகும்படி மாறியிருந்தது. செட்டிங்ஸில் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் போதும். முதல் வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும். அன்றே சொல்லியிருந்தால், ஆறு வாரமும் ஒரு மணி நேரம் போனை வைக்காமல் இருந்திருப்பாயா?

வேலைக்குப் போகும் வேன் வந்துவிட்டது. பிரிண்டர் மக்கர் பண்ணுகிறது என்றாயே, அதை யாரும் தொட வேண்டாம். வெள்ளிக்கிழமை கூப்பிடுகிறேன்.

உன்
இளஞ்செழியன்