‘அவர்’ என்று எழுதாதே

இரங்கூன், பசுந்தாங்
அட்சய வருஷம் கார்த்திகை 5

சௌபாக்கியவதி வடிவுக்கு மருதப்பன் எழுதுவது. நான் சுகம். உன் இருமல் நின்றதா?

‘ஐப்பசி பிறந்ததும் அவர் வந்துவிட்டார், வாசலிலேயே நடக்கிறார்’ என்று எழுதியிருந்தாய். என்னைத் தவிர உனக்கு யாரடி ‘அவர்’? மேலே படிக்காமல் மடித்துவிட்டேன். சோறு இறங்கவில்லை. என்னோடு மில்லில் வேலை செய்யும் குழந்தைவேலுதான் மிச்சத்தைப் படித்துவிட்டுச் சிரித்தான்: “அட கூறுகெட்டவனே, வாலாட்டிக் குருவிடா அது!”

வடக்கே குளிர் தொடங்கினால் அது இங்கேயும் வருகிறது. ஓடைக்கரையில் வாலை ஆட்டிக்கொண்டு நடப்பதைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. வருஷம் தவறாமல் உன் வாசலுக்கு வர அதற்கு யாரும் லீவு கொடுக்க வேண்டியதில்லை. எனக்கு மூன்று வருஷமாகக் கிடைக்கவில்லை.

நாரத்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பு. தபால் கட்டுகிறார்கள், முடிக்கிறேன். குருவியை இனி ‘அது’ என்றே எழுது. ‘அவர் வந்துவிட்டார்’ என்பதை எனக்கு வைத்திரு.