இரண்டரை அங்குலம்

மார்ச் 4

மரவேலைக் கண்காட்சியில் பரிசுக் கேடயம் வாங்கியவன் என் சகலை. வாங்கித் தந்தது நான் பூங்கொடி செதுக்கிய பலகை. மரம் செதுக்கும் என் மெஷினில் மூன்று வாரம் உட்கார்ந்து செய்தது. "பாத்துட்டுத் தர்றேண்ணா" என்று எடுத்துப் போனவன், தன் பெயரை எழுதி வைத்திருக்கிறான். கேட்டால், "குடும்பத்துக்குள்ள என்னண்ணா உங்களுது எங்களுது?" என்கிறான். இவனைச் சும்மா விடுவதா?

மார்ச் 5

"ஒரு பலகைக்கா இவ்வளவு?" என்கிறாள் இவள். தங்கை புருஷன் அல்லவா, விட்டுக்கொடுப்பாளா!

"உங்களுக்குக் கோபம் வந்தா ஆயுசுக்கும்தான்" என்றும் சொன்னாள். யாரை நினைத்துச் சொல்கிறாள் என்று தெரியும். மகள் எங்களை மீறிக் கல்யாணம் பண்ணிக்கொண்டு போய் நாலு வருஷம். அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

மார்ச் 19

தானாக வந்து மாட்டினான். என்னுடையதைப் போலவே ஒரு மெஷினைப் பழசாக வாங்கியிருக்கிறானாம். கூட வர வேண்டிய புத்தகம் இல்லையாம். போனில் கேட்கிறான்: "ஸ்கேன் பண்ற பொருள் எவ்ளோ உயரம் இருக்கலாம்ணா?"

இரண்டரை அங்குலம். பொருளை ஊசியால் தடவி வடிவத்தை எடுத்து, அதையே மரத்தில் செதுக்கும் மெஷின் இது; அந்த உயரத்துக்கு மேல் போனால், ஊசியைச் சுமந்து நகரும் கை பொருளில் மோதும். நானே முதல் மாதம் ஓர் ஊசியை முறித்துத்தான் கற்றுக்கொண்டேன். அந்த ஊசி இப்போது லேசில் கிடைப்பதில்லை.

"நாலு வரைக்கும் தாராளமா போகும்" என்றேன்.

"நீங்க சொன்னா சரியாத்தாண்ணா இருக்கும்."

வை. நல்லா வை.

மார்ச் 20

இன்னும் போன் வரவில்லை. டக்கென்று ஊசி முறியும் சத்தம் — நினைக்கவே இனிக்கிறது.

மார்ச் 22

வந்தான். கையில் ஒரு துணி மூட்டை. ஊசி போச்சே என்று புலம்புவான், ரசிக்கலாம் என்று சாய்ந்து உட்கார்ந்தேன்.

"ஊசி முறிஞ்சது கெடக்கட்டும்ணா, இதப் பாருங்க" என்று மூட்டையைப் பிரித்தான்.

களிமண் முகம். என் முகம். மகள் இரண்டாம் வகுப்பில் செய்தது. மூக்கை மட்டும் கத்தரிக்காய் அளவுக்கு வைத்திருந்தாள். அந்த மூக்கு தனியாகக் கிடந்தது.

"உங்க பொண்ணுதான் கேட்டா, அப்பா முகம் மரத்துல ஒண்ணு வேணும்னு. அண்ணி பீரோலேர்ந்து எடுத்துக் குடுத்தாங்க. உங்களுக்குத் தெரிய வேணாம்னாங்க. மூணரை இன்ச்தான் இருந்துச்சு. எனக்குத்தான் ஒழுங்கா வைக்கத் தெரியல. மன்னிச்சுக்குங்கண்ணா."

அவன் என்கிட்ட மன்னிப்புக் கேக்கிறான். நான் வாயைத் திறக்கல. என்ன மனுஷன்டா நீ?

மார்ச் 24

இன்றும் அவனிடம் சொல்லவில்லை.

மார்ச் 27

சொல்லிவிட்டேன். அவன் எழுந்துபோய் அலமாரியிலிருந்து கேடயத்தை எடுத்து நீட்டினான். வாங்கிக்கொள்ளவில்லை.

மூக்கில்லாத முகத்தை அளந்தேன். இரண்டேகால். முகத்தைத் தனியாகவும் மூக்கைத் தனியாகவும் ஸ்கேன் செய்து, மரத்தில் செதுக்கி ஒட்டினேன். உடையாமல் இருந்திருந்தால் என் மெஷினிலும் அடங்கியிருக்காது.

மகளின் முகவரியை இவளிடம் கேட்டேன். அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள், கதவு எண்ணோடு, மனப்பாடமாக.