எழுபத்தேழு நாள்

நைனா,

இன்று பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பைபாஸ் ஓரத்துப் பஞ்சர் கடையில் ட்யூபுக்கு ஒட்டுப் போட்டுச் சூடு வைத்திருந்தார்கள். வெந்த ரப்பர் நாற்றம். கூட வந்தவர்கள் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு ஓடினார்கள். நான் மட்டும் நின்று இழுத்து மூச்சு வாங்கினேன். "இன்னாடி, செண்டு கடையா அது?" என்று கத்தினார்கள். "ஆமா, இம்போர்டட்" என்றேன். வழக்கம்போலச் சிரித்தார்கள். அது உன் சட்டை வாசம் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. இதுவரை உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதினால் அந்த ஒரு நாளைப் பற்றி எழுத வேண்டி வரும் என்றுதான் தள்ளிப் போட்டேன்.

குறைந்தபட்சக் கூலியை ஏற்றிவிட்டார்கள் என்று நீ மிக்சர் பொட்டலத்தோடு வீட்டுக்குள் வந்த சாயங்காலம் நினைவிருக்கிறதா? "சட்டப்படி குடுத்தே ஆவணும்மா, முதலாளி தப்பிக்க முடியாது" என்று அம்மாவிடம் சொன்னாய். நான் எழுந்து நின்று, "வணக்கம் மிஸ்டர் மினிமம்" என்று சல்யூட் அடித்தேன். "என் கூலிதான்டி மினிமம், உன் லொள்ளு மாக்ஸிமம்" என்று மிக்சரிலிருந்து ஒரு கடலையைப் பொறுக்கி என் மேல் எறிந்தாய். நம் வீட்டில் அவ்வளவு சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான் கடைசி என்று இப்போது தோன்றுகிறது.

சந்தோஷம் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. வீட்டுக்காரர் முதலில் வந்தார். "சிப்காட்ல எல்லாருக்கும் கூலி ஏறிச்சாமே" என்று பல்லைக் காட்டி வாடகையை ஏற்றினார். அடுத்து உன் கம்பெனி. கம்பெனி என்று சொன்னால் அதற்கே கூச்சமாக இருக்கும். பெரிய கம்பெனிகளின் பம்புகளுக்கு ரப்பர் வாஷர் அடித்துக் கொடுக்கும் ஒரு தகர ஷெட். ஆறு பிரஸ், பன்னிரண்டு பேர். ஒரு பிரஸுக்கு இரண்டு பேர் ஜோடி, பகலுக்கு ஒருவர், ராத்திரிக்கு ஒருவர். உன் ஜோடி சேகர் மாமா. முதலாளி பன்னிரண்டு பேரையும் நிற்க வைத்துப் பேசியதை நீ வந்து அப்படியே நடித்துக் காட்டினாய். "புதுக் கூலி குடுக்காம இருக்க முடியாது. ஆனா வாஷருக்கு ஒரு பைசா ஏத்தித் தரமாட்டேன்றான் பெரிய கம்பெனிக்காரன். ராத்திரி ஷிப்டை நிறுத்தறேன். ஆறு பேர் போதும். யாருன்னு நீங்களே சொல்லுங்க." அவர் கெட்டவர் இல்லை என்றும் நீயே சொன்னாய். அப்படிச் சொன்னதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. கெட்டவராக இருந்திருந்தால் திட்டவாவது ஒரு ஆள் கிடைத்திருப்பார்.

நீங்கள் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. டீக்கடையில் நின்றே முடிவு செய்தீர்கள்: ஏப்ரலிலிருந்து ஜோடிக்குள் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். இந்த வாரம் நீ, அடுத்த வாரம் சேகர் மாமா. பன்னிரண்டு பேருக்கும் வேலை இருந்தது, பாதி பாதி. எதிர் வீட்டு மேரி அக்காவின் புருஷன் பெரிய கம்பெனியில் இருக்கிறார். அவருக்கு முழுக் கூலி, முழு வாரம். அதே கூலி உயர்வு அவர்கள் வீட்டுக்கு வாஷிங் மெஷினாக வந்தது, நம் வீட்டுக்கு வாரம் விட்டு வாரம் சும்மா உட்காருவதாக வந்தது. "அதுக்காக ஏத்தாம வுட்றதா? ஏத்தத்தாம்மா வேணும்" என்பாய். அப்படியே சுவரில் சாய்ந்து விட்டத்தைப் பார்ப்பாய்.

இனி அந்த ஒரு நாள்.

செப்டம்பர். உன் வாரம். காலையில் நீ சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது கொல்லைப் பக்கம் போய் என் ஃப்ரெண்டின் போனிலிருந்து உனக்குப் போன் போட்டேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு உன் சூப்பர்வைசர் குரலில், "இன்னிக்குக் கரெண்ட் இல்லப்பா, ஷட்டவுன். வராத" என்றேன். ஐந்து நிமிடத்தில் உள்ளே வந்து "ஏமாந்தியா நைனா" என்று கத்துவதாகத் திட்டம். வந்து பார்த்தால் நீ மாட்டின சட்டையைக் கழற்றி ஆணியில் போட்டுவிட்டு மறுபடியும் பாயில் படுத்திருந்தாய். "அப்பாடா" என்று ஒரு மூச்சு விட்டாய் பார், அதைக் கேட்டபிறகு எனக்கு வாய் வரவில்லை. மத்தியானம் வரை தூங்கினாய். எழுந்து நாஷ்டாவும் சோறும் ஒன்றாகச் சாப்பிட்டாய்.

மறுநாள் வேலை முடிந்து வந்து என் காதைப் பிடித்தாய். "ஏய் கேடி, சூப்பர்வைசருக்கு ஜலதோஷமான்னு கேட்டேன். அவன் என்னை மேலயும் கீழயும் பாக்கறான்." அவ்வளவுதான். ஒரு அடி இல்லை, ஒரு திட்டு இல்லை.

ஜனவரி கடைசியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. இருமினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாய். இஎஸ்ஐ டாக்டர் பத்து நாள் ரெஸ்ட் என்று எழுதிக் கொடுத்தார். வேலைக்குப் போகாத நாளுக்கு இஎஸ்ஐயில் கூலியில் ஒரு பங்கு கொடுப்பார்களே, அதைக் கேட்க, "கெடைக்காதுடி" என்று முனகிய உன்னை நான்தான் ஆபீசுக்கு இழுத்துப் போனேன். கவுண்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "ஏப்ரல்லேருந்து செப்டம்பர் வரைக்கும் எழுபத்தெட்டு நாள் வேலை செஞ்சிருக்கணும் சார். உங்களுக்கு எழுபத்தேழு. ஒரு நாள்தான் கொறையுது, ஆனா சிஸ்டம் எடுக்காது" என்றார். பாவம், அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். வாரத்துக்கு ஆறு நாள். ஆறு மாதத்தில் உன் பங்குக்குப் பதின்மூன்று வாரம். சரியாக எழுபத்தெட்டு. ஒரு நாள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்தக் கயிற்றின் மேல் நீ ஆறு மாதம் நடந்திருக்கிறாய், நான் பின்னாலிருந்து விளையாட்டாகத் தள்ளியிருக்கிறேன்.

நீ என் பக்கம் திரும்பவே இல்லை. "பரவால்ல சார்" என்றாய். வெளியே வந்து எனக்கு ஒரு கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தாய். நான் சொல்ல வாயெடுத்தபோது, "ஐஸ் போடாம குடி" என்று பேச்சை வெட்டினாய்.

அந்த வாரம் உன் முறை. படுத்தால் கூலி இல்லை, வாடகை பாக்கி நிற்கிறது. "சூடான பிரஸ் பக்கத்துல நின்னா சளி இளகிடும்" என்று என்னிடமே ஜோக் அடித்துவிட்டுப் போனாய். நாலாவது நாள் பிரஸ் பக்கத்திலேயே விழுந்தாய். நிமோனியா, முத்திவிட்டது, முன்னாலேயே படுத்திருக்க வேண்டும் என்றார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாய். மூன்று நாளும் நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

போன மாதம் சேகர் மாமா வந்தார். உன் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. இப்போது எல்லா வாரமும் அவருக்கே வேலை, முழுக் கூலி. நீ இல்லாததால் வந்த முழுக் கூலி. அதனாலோ என்னவோ அவரால் அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. அம்மா டீ போட உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"பாப்பா, அன்னிக்கு அண்ணன் வரலன்னு சூப்பர்வைசர் என்னத்தான் கூப்ட்டாரு. எங்கம்மாவுக்கு முடியலன்னு நான் ஆர்.கே.பேட்டைக்குப் போன வகையில எனக்கு ஒரு நாள் கொறைஞ்சிருந்தது. அது சரியாப் பூடுச்சி. அடுத்த வாரம் என் நாள்ல ஒண்ண எடுத்துக்கோண்ணேன்னு சொன்னேன். 'வுட்றா, அப்பால உனக்கு எழுபத்தேழு ஆயிடும். எனக்கு இன்னா நோவா வரப்போவுது'ன்னுச்சு. 'என் பொண்ணு பண்ண வேலைடா இது, ஆனா பல நாள் கழிச்சு நல்லாத் தூங்கினேன்'னு சிரிச்சிக்கினே சொல்லிச்சு. அண்ணிகிட்ட நான் எதுவும் சொல்லல."

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். ஆகவில்லை. அந்த நாளை நீ கொடுத்தாய் என்று அவர் நினைக்கிறார். நான் பிடுங்கினேன் என்று எனக்குத் தெரியும். என் குரலில் அந்தப் போன் வராமல் இருந்திருந்தால் நீ கொடுத்திருக்கவே வேண்டாம்.

நேற்று குழாயடியில் அம்மா ஆரம்பித்தாள். "அந்தப் பாழாப்போன கூலிய ஏத்தாம இருந்திருந்தா முழு வாரமும் வேலை இருந்திருக்கும். என் ஊட்டுக்காரரும் இருந்திருப்பாரு." மேரி அக்கா மெதுவாக, "எங்க ஊட்ல அதாலதான்கா கொஞ்சம் மூச்சு வுட்டோம்" என்றாள். அவள் வேறு எதையும் நினைத்துச் சொல்லவில்லை. அம்மா நிரம்பாத குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இருவரும் இனி பேசமாட்டார்கள் என்று நினைக்கிறேன். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஊரில் யாரையும் பேச விடாத வாய், அங்கே திறக்கவில்லை.

அம்மா சொல்வது முழுப் பொய் இல்லை, நைனா. மேரி அக்கா சொன்னதும் பொய் இல்லை. ஆனால் உன்னைக் கொண்டுபோனதில் ஒரு நாள் என்னுடையது. அதை அம்மாவிடம் சொல்லும்வரை, பாவம், அந்தக் கூலி உயர்வுதான் என் பழியையும் சேர்த்துச் சுமந்துகொண்டு நிற்கிறது.

உன்,
கேடி