காது மிஷினுக்கு வறுத்த நீல மணிகள்

ஓயாத தூறல். இன்று காலை அலமாரியைத் திறந்தால், உங்கள் காது மிஷின் இருக்கும் டப்பாவில் மணிகள் எல்லாம் ரோஸ் ஆகிக் கிடந்தன. வழக்கம்போலச் சட்டியில் கொட்டி அடுப்பைப் பற்றவைத்தேன். ஓரத்திலிருந்து ஊதா ஆகி, பிறகு நீலம் ஏறும்போதுதான், யாருக்காக வறுக்கிறேன் என்று உறைத்தது. அப்படியும் அடுப்பை அணைக்கவில்லை.

பொம்மசந்திரா கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் ஓடுகிற இடத்தை ஒட்டித்தான் நீங்கள் வேலை பார்த்த ஸ்டோர் ரூம். அந்த இடியைக் கேட்டுக் கேட்டே காது இரண்டும் போயின. மிஷின் வாங்கினோம், வியர்வை இறங்கி அதுவும் அடிக்கடி ஊமையானது. உதிரிப் பாகங்கள் துருப்பிடிக்காமல் இருக்கப் பெட்டியில் போடும் நீல மணிகளில் கிழிந்த பொட்டலம் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தீர்கள். ராத்திரி மிஷினை அதோடு டப்பாவில் மூடிவைத்தால் காலையில் ஈரம் போயிருக்கும்.

"மணி சும்மா கண்ணாடி மாதிரிதான். நீலம் குடுக்குறது கோபால்ட் குளோரைடு. தண்ணி ஏறினா ரோஸ், சூடு காட்டினா மறுபடி நீலம்" என்றீர்கள், ஏதோ நீங்களே கண்டுபிடித்த மாதிரி. விஷம் என்று சமையல் சட்டியைத் தொட விடவில்லை. பழைய இரும்புச் சட்டி ஒன்றை ஒதுக்கினேன். ஒருமுறை தீயைக் கூட்டிவிட்டு வாசலில் அரட்டைக்குப் போய்விட்டேன். மணிகள் கறுத்துப்போயின.

"இன்னாடி, வடகம் பொரிக்கிறியா?"

"அடுத்த தபா நீங்களே வறுங்க."

மாரடைப்பு வந்த அன்று ஆஸ்பத்திரியில் மோதிரத்தையும் மிஷினையும் கழற்றி என்னிடம் கொடுத்தார்கள். மிஷின் வியர்வையில் நனைந்திருந்தது. நாளைக்கு உங்களுக்கு வேண்டுமே என்று வீட்டுக்கு ஓடி, மணிகளை வறுத்து ஆறவைத்து, டப்பாவில் மிஷினோடு போட்டு மூடினேன். ஒரு ராத்திரி கிடந்தால்தான் ஈரம் முழுசாகப் போகும் என்று டப்பாவை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினேன். நாளைக்கு என்று ஒன்று இருப்பதில் அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

சாயங்காலம் சற்று நேரம் உள்ளே விட்டார்கள்.

"பயப்படாதீங்க. நான் வெளியிலதான் இருக்கேன். எங்கயும் போகமாட்டேன்."

என் வாயையே பார்த்தீர்கள். மறுபடி சத்தமாகச் சொன்னேன். மற்ற நோயாளிகள் தூங்குகிறார்கள் என்று நர்ஸ் கன்னடத்தில் அதட்டினார். நீங்கள் மெல்லத் தலையை ஆட்டினீர்கள். உங்களுக்குக் கேட்டுவிட்டது என்று நினைத்து நர்ஸ் என்னை வெளியே அனுப்பினார்.

அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். கல்யாண வீடுகளில், ஒன்றும் காதில் விழாமலே, எதிரில் பேசுகிறவர் மனம் நோகக் கூடாதே என்று ஆட்டுவீர்களே, அதுதான். விடிவதற்குள் போய்விட்டீர்கள்.

கஷ்டப்படாமல் போனார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் ஆறுதல் இல்லை. அன்று சொன்ன அந்த வார்த்தைகளைத்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். இனி அவற்றைச் சொல்ல வழியும் இல்லை. அன்று ராத்திரி முழுக்க அந்தக் கதவுக்கு வெளியில்தான் உட்கார்ந்திருந்தேன். அது உங்களுக்குத் தெரியாது.