ரோட்டுப் பாடம்

மே 16, வெள்ளி

இந்த வாரம் மூன்றாம் வகுப்பு படித்தது: மணிக்கூடு பார்ப்பது, மேசையைச் சாணால் அளப்பது, பயறு முளைக்க வைப்பது. பதிவுப் புத்தகத்தில் எழுதி அதிபரிடம் கையொப்பமும் வாங்கியாயிற்று.

போன வெள்ளியும் இதையேதான் எழுதிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டரை மணிக்கு, ஆசிரியர் அறையில். அன்று பள்ளி விடும்போது வாசல் கேட்டில் நின்று பிள்ளைகளை ரோட்டைக் கடக்க வைக்கும் முறை என்னுடையது. ஐந்து நிமிடம்தானே, காவலாளி நிற்கிறார்தானே என்று நினைத்தேன். காவலாளி தண்ணீர் மோட்டரை நிற்பாட்டப் போயிருந்தார். என் வகுப்பு டிலான் ரோட்டைக் கடக்க ஓடி, வேகமாக வந்த திறீவீலரில் அடிபட்டான். வலது தொடை எலும்பு முறிவு.

கேட்டில் அன்று யாருடைய முறை என்று முறைப் புத்தகத்தை ஒருவரும் புரட்டிப் பார்க்கவில்லை. "விபத்துத்தானே, என்ன செய்யிறது" என்றார் அதிபர். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இல்லை, அதுவும் பொய்தான்.

மே 19, திங்கள்

சத்திரசிகிச்சை முடிந்து டிலானை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்களாம். இரண்டு மாதம் நடக்க முடியாது. சொன்னது றொசானா. வகுப்பில் அவனுக்குப் பக்கத்துக் கதிரை, கொச்சிக்கடையில் பக்கத்து வீடு.

அவன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பார்க்கப் போக இரண்டு தரம் வெளிக்கிட்டேன். இரண்டு தரமும் பஸ் வந்தது, நான் ஏறவில்லை.

என் கணவர் ஜனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நீர் போய் சொல்லிக்கொண்டு நிக்காதையும், வேலைக்கு வில்லங்கமாப் போயிடும்" என்றார். பதினேழு வருடமாக வங்கியில் இருக்கிற மனுசன், வேறென்ன சொல்வார்? அவர் சொல்வதில் பிழையில்லை என்பதுதான் இன்னும் எரிச்சல்.

மே 23, வெள்ளி

வராத பிள்ளைக்குப் பக்கத்துப் பிள்ளை கொப்பி எழுதிக் கொடுப்பது எங்கள் வகுப்பு வழக்கம். கேட்பதற்கு முதலே றொசானா புதுக் கொப்பிக்கு உறை போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். முதல் பக்கத்தில் "இந்தக் கிழமை நாங்கள் படிச்சது" என்று தலைப்பு. நான் போக முடியாத வீட்டுக்கு அந்தக் கொப்பி போகிறது.

மே 30, வெள்ளி

அவள் எழுதுவதை இன்று எட்டிப் பார்த்தேன். இப்படியே இருந்தது:

1. காகம் குச்சியால கூடு கட்டும்.
2. ஆறாம் வாய்பாடு, பாதி.
3. பயறு நாறுது. டீச்சர் எறிய விட இல்ல.
4. டீச்சருக்குக் கோபம் வந்தா முதல்ல மூக்குச் சிவக்கும்.

ஏசத்தான் வாயைத் திறந்தேன். மூக்கு சுட்டது. பேசாமல் கொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நாற்றம் உண்மைதான், பயறை வீசவேண்டும்.

ஜூன் 5, வியாழன்

ஒன்பதாம் பாடம் வந்துவிட்டது. "வீதியில் பாதுகாப்பாகச் செல்வோம்." படத்தில் மஞ்சள் கடவையில் ரோட்டைக் கடக்கிற ஒரு பையன், பக்கத்தில் சிரித்துக்கொண்டு ஒரு டீச்சர். புத்தகத்தைத் திறந்தேன். பக்கத்தைத் திருப்பினேன். "பத்தாம் பாடம், நீர்" என்றேன். முப்பது பிள்ளைகளும் திருப்பினார்கள். றொசானா மட்டும் என்னைப் பார்த்துவிட்டுத் திருப்பினாள்.

ஜூன் 13, வெள்ளி

அந்தோனியார் திருநாள். வகுப்பில் ஏழே ஏழு பேர். கதை சொல்லி நேரம் போயிற்று.

ஜூன் 17, செவ்வாய்

றொசானா ஒரு செய்தியோடு வந்தாள். "டீச்சர், டிலான்ட அம்மா அவனைக் களனிக்கு மாத்தப்போறாவாம். பெரியம்மா வீட்டுக்குப் பக்கத்தில சிங்கள ஸ்கூல். அவன் அழுறான்." சொல்லிவிட்டுக் கொப்பியை என் மேசையில் வைத்தாள். "அவன் பதில் எழுதியிருக்கான், பாருங்க."

ஒவ்வொரு வாரத்துக்கும் கீழே பென்சிலால் பதில். "ஆறாம் வாய்பாடு முழுக்கத் தெரியும்." "மூக்கு எனக்கும் தெரியும்." பிறகு ஜூன் முதல் வாரம். றொசானா எழுதியிருந்தாள்: "டீச்சர் ரோட்டுப் பாடத்தை விட்டிட்டா. ஏனெண்டு தெரியா. இப்ப ஒவ்வொரு நாளும் கேட்டில நிக்கிறா. மழைக்குள்ளயும் நிண்டவ."

அதற்குக் கீழே டிலான்: "டீச்சருக்குப் பயமா இருக்கும். நான் வந்த பிறகு படிப்பம் எண்டு சொல்லு."

எட்டு வயசு. காலில கம்பி வச்சுக்கொண்டு படுத்திருக்கிற பிள்ளை எனக்காக யோசிக்குது. நான் என்ன மனுசி? — அலுமாரிக் கதவைத் திறந்து அதற்குள் தலையை விட்டு அழுதேன். வெள்ளிக்கிழமைக் கொப்பியில் இதுவும் வரும், வரட்டும்.

ஜூன் 18, புதன்

போனேன். ஜனாவிடம் சொல்லவில்லை.

டிலானின் அம்மா பேர்ணடெற் தையல் மெசினில் இருந்தார். கதிரை போட்டார், நான் இருக்கவில்லை. இருந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும். "அண்டைக்கு கேட்டில என்ட முறை. நான் நிக்கேல்ல. உள்ளுக்கு இருந்து எழுதிக்கொண்டு இருந்தனான்."

மெசினில் இருந்து கையை எடுக்காமல் சொன்னார்: "தெரியும் டீச்சர். காவலாளி அடுத்த நாளே வந்து சொல்லிட்டுப் போனவர்."

தெரிந்துகொண்டுதான் நான்கு கிழமை கொப்பியை வாங்கி வைத்திருக்கிறார்.

"கோபமில்ல எண்டு சொல்லமாட்டன்" என்றார். "அஞ்சு கிழமையா வாசலப் பாத்துக்கொண்டு இருந்தன். கொப்பிதான் வந்தது, ஆள் வர இல்ல."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் துணியைத் திருப்பி வைத்துத் தைத்தார். உள்ளேயிருந்து டிலான், "டீச்சர், வாய்பாடு கேளுங்க" என்றான். கேட்டேன். ஆறாம் வாய்பாட்டை ஒரே மூச்சில் ஒப்புவித்தான். மெலிந்திருந்தான். பல் ஒன்று விழுந்திருந்தது.

வரும்போது களனியைப் பற்றிக் கேட்டேன். "யோசிக்கோணும்" என்றார் பேர்ணடெற்.

ஜூன் 19, வியாழன்

அதிபரிடம் சொன்னேன். "இப்ப ஏன் டீச்சர் இதெல்லாம்?" என்று நெற்றியைத் தேய்த்தார். எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். எச்சரிக்கைக் கடிதம் வருமாம். வீட்டில் ஜனா கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார். பிறகு எனக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தார்.

ஜூன் 27, வெள்ளி

இந்த வாரம்: தராசில் நிறுத்தல், ஏழாம் வாய்பாடு, ஒரு பாட்டு. களனியில் இருந்து செய்தி இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

காரியாலயத்தில் பேர்ணடெற். மாடிக்கு வரும் வழியில் கண்ணாடி வழியாகக் கண்டேன். பள்ளி மாற்ற விடுகைப் பத்திரத்துக்குத்தான் வந்திருக்கிறார், முடிந்தது கதை. பிள்ளைகளுக்கு எழுதக் கொடுத்துவிட்டு, கீழே போகலாமா வேண்டாமா என்று வகுப்பு வாசலிலேயே நின்றேன்.

அவரே மாடியேறி வந்தார். மூச்சு வாங்கியது. "டீச்சர், இருபத்திரண்டு படி. எண்ணிப் பாத்தனான். அவனால ஏறேலாது. கீழ ஒரு வகுப்புத் தருவீங்களா எண்டு அதிபரிட்டக் கேட்டனான். உங்களிட்டக் கேக்கச் சொன்னார்."

தருவேன் என்றேனா, தலையை மட்டும் ஆட்டினேனா, ஞாபகமில்லை.

ஜூலை 9, புதன்

வகுப்பைக் கீழே இறக்கினோம். முப்பது பேரும் ஆளுக்கொரு கதிரை. றொசானா இரண்டு தரம் இறங்கினாள், இரண்டாவது டிலானுடையது. கீழே இருந்த நான்காம் வகுப்புக்காரர் மேலே போவதற்கு முணுமுணுத்தார்கள், கடலைப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். அங்கிருந்து துறைமுகத்துக் கிரேன் மட்டும்தான் தெரியும்.

ஜூலை 21, திங்கள்

டிலான் வந்தான். ஒரு கையில் ஊன்றுகோல், மறுபக்கம் றொசானா புத்தகப் பையோடு. வகுப்பு அவனைப் பார்த்ததை விட ஊன்றுகோலைத்தான் கூடப் பார்த்தது. எல்லோரும் ஒரு தரம் தொட்டுப் பார்க்கும் வரை பாடம் தொடங்கவில்லை.

ஒன்பதாம் பாடத்தைத் திறந்தேன். வாசித்து முடித்ததும் டிலான் கையை உயர்த்தினான். "நான் பாக்காம ஓடினனான் டீச்சர்." "நானும் அண்டைக்கு நிக்கவேண்டிய இடத்தில நிக்கேல்ல" என்றேன். பிள்ளைகள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அடுத்த பக்கம் எப்போது என்று கேட்டார்கள்.

பன்னிரண்டரைக்குக் கேட்டில் நின்றேன். பேர்ணடெற்றைத் தேடினேன், காணவில்லை. "அம்மா வரேல்லயா?" என்று டிலானிடம் கேட்டேன்.

"இல்ல. கேட்டில டீச்சர் நிப்பா, அவட கையப் பிடிச்சுக்கொண்டு ரோட்டைக் கட எண்டு சொன்னவ."

சொல்லிவிட்டுப் பின்னால் வரும் பையன்களைத் திரும்பிப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "ஆனா பிடிக்கத் தேவையில்ல டீச்சர். பிடிச்சது எண்டு நான் அம்மாட்ட சொல்லுறன்."

அம்மாவிடம் அப்படிப் பொய் சொல்லக்கூடாது என்றேன். கையைப் பிடித்துக்கொண்டேன்.